கல்லில் மாறிய ஒரு தேதி

(தூர் நகரப் புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 அன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



நவம்பர், ஆன்மாக்களின் மாதம். இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று நாம் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தோம். புல்லைச் செதுக்கினோம், சிலுவைக்கு வெள்ளையடித்தோம், மாலை சாத்தி மெழுகுதிரி ஏற்றினோம். பங்குத்தந்தை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கும்வரை பக்கத்துக் கல்லறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்படி நிற்கும்போது கல்லில் இருப்பதை வாசிக்காமல் இருக்க முடியாது. பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. கல்லில் இருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு அடுத்த கல்லுக்கு நகர்கிறோம்.

இறந்த தேதி தவறாக எழுதப்பட்ட ஒரு கல்லறையைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அது பிரான்சு நாட்டின் வடகிழக்கே, மியூஸ் ஆற்றங்கரையில், வ்ரீன்-மியூஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே புதைக்கப்பட்டவர் தளபதி அல்லர், பெரிய பதக்கங்களால் பெயர் பெற்றவரும் அல்லர். அகுஸ்தீன் திரெபுஷோன் என்ற சாதாரணப் போர்வீரர். அவருடைய கல்லறையில் 1918 நவம்பர் 10 என்று எழுதப்பட்டது. அவர் இறந்ததோ நவம்பர் 11.

ஒரே ஒரு நாள் வித்தியாசம். அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

அகுஸ்தீன் 1878ஆம் ஆண்டு மே 30 அன்று பிரான்சின் தெற்கே லொசேர் என்ற மலைநாட்டுப் பகுதியில் பிறந்தவர். கருங்கல் பாறைகளும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த, மக்கள் குறைவாக வாழும் ஏழை நாட்டுப்புறம் அது. அவர் ஆடு மேய்ப்பவர். ஊர்த் திருமணங்களில் அக்கார்டியன் வாசிப்பார் என்றும் சொல்வார்கள். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியபோது அவருக்கு வயது 36. ஆடுகளை விட்டுவிட்டுப் படைக்குப் போனார். நான்கு ஆண்டுகள் போர்முனையில் இருந்தார். வெர்தன், சொம் போன்ற, இலட்சக்கணக்கானோர் மடிந்த களங்களை எல்லாம் கண்டு உயிர்தப்பினார். 415ஆம் காலாட்படைப் பிரிவில் அவருக்குச் செய்தி கொண்டுசெல்லும் வேலை. அந்தக் காலத்தில் தொலைபேசிக் கம்பிகள் குண்டுவீச்சில் அறுந்துபோகும். அப்போது அதிகாரி எழுதிக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் ஓட வேண்டும். துப்பாக்கி வெடிக்கும் வெளியில் ஓட வேண்டும். அதுதான் அகுஸ்தீனின் வேலை.

இப்போது 1918 நவம்பர் 11ஆம் தேதிக்கு வருவோம். அன்று விடியற்காலை ஐந்து மணி கடந்த சிறிது நேரத்தில், கொம்பியேன் காட்டில் நிறுத்தப்பட்டிருந்த ஓர் இரயில் பெட்டிக்குள் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காலை பதினொரு மணிக்கு அது நடைமுறைக்கு வரும் என்று முடிவாயிற்று. கையெழுத்துக்கும் பதினொரு மணிக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரமும் பல இடங்களில் துப்பாக்கிகள் ஓயவில்லை. அந்த ஒரே நாளில் எல்லாப் போர்முனைகளிலும் சேர்த்து 2,700க்கும் மேற்பட்டோர் இறந்ததாக வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். காகிதத்தில் போர் முடிந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

மியூஸ் ஆற்றைக் கடந்து அக்கரையில் காலூன்ற வேண்டும் என்று அகுஸ்தீனின் படைப்பிரிவுக்கு உத்தரவு வந்திருந்தது. எதிரியைப் பேச்சுவார்த்தையில் பணியவைக்க அது உதவும் என்பது மேலிடத்தின் எண்ணம். பனிமூட்டத்தில், குளிர்ந்த ஆற்றைக் கடந்து, அவர்கள் அக்கரை சேர்ந்து பாதி உடைந்த நிலையில் கிடந்தார்கள். 11ஆம் தேதி காலை அகுஸ்தீன் கையில் ஒரு செய்தியைக் கொடுத்து அனுப்பினார்கள். பதினொன்று அடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடமே இருந்தபோது ஒரு துப்பாக்கிக் குண்டு அவரைச் சாய்த்தது. அப்போது அவருக்கு நாற்பது வயது. முதல் உலகப் போரில் கொல்லப்பட்ட கடைசிப் பிரெஞ்சு வீரர் அவர்தான் என்பது இன்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட செய்தி.

அவர் கொண்டுபோன செய்தி என்ன தெரியுமா? தாக்குங்கள் என்பதன்று, பின்வாங்குங்கள் என்பதும் அன்று. பதினொன்றரை மணிக்கு உணவுக்காக எல்லோரும் ஒன்றுகூடுங்கள் என்பதுதான் அந்தச் செய்தி. சாப்பிட வாருங்கள் என்று சொல்லப்போன மனிதர் வழியிலேயே விழுந்துவிட்டார்.

அன்பர்களே, இதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அங்கே அன்று இறந்தவர்களுக்கு நவம்பர் 10 என்று தேதியிட்டார்கள். சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகும் ஆட்களைச் சாகக் கொடுத்தோம் என்று சொல்ல மேலிடத்துக்கு வெட்கமாக இருந்தது என்பது பலருடைய விளக்கம். போர் முடிந்த நாளன்று இறந்தார் என்றால் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைப்பதில் சிக்கல் வரலாம் என்று எண்ணியிருக்கலாம் என்பாரும் உண்டு. காரணம் எதுவானாலும், ஒரு மனிதர் இந்த உலகில் வாழ்ந்த கடைசி நாளைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நம் முன்னோர் நடுகல் நட்டார்கள். ஆநிரை மீட்டு இறந்தவன், புலியோடு பொருது இறந்தவன் என்று அவன் பெயரையும் அவன் இறந்த விதத்தையும் கல்லில் பொறித்தார்கள். கல்லில் எழுதினால் உண்மையை எழுத வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணில் பழையது. ஆனால் நாமும் எப்போதும் அப்படி நடந்துகொள்கிறோமா?

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில், பட்டாளத்திலிருந்த ஓர் இளைஞனின் உடல் தேசியக் கொடி போர்த்தி வந்தது. ஊரெங்கும் பதாகை வைத்தார்கள். எதிரியோடு போராடி வீரமரணம் என்று எழுதினார்கள். அடக்கத் திருப்பலியில் நானும் மறையுரை வைத்தேன். எதிரியின் குண்டை மார்பில் ஏந்திய மகன் என்று உணர்ச்சியோடு பேசினேன். யாரிடமும் எதையும் நான் விசாரிக்கவில்லை. கூட்டம் அழுதது. நன்றாகப் பேசினோம் என்று எனக்கும் ஒரு நிறைவு.

அடுத்த நவம்பர் மாதம் அந்தப் பையனின் தாய் திருப்பலிக் கருத்து எழுதிவைக்கப் பங்கு அலுவலகத்துக்கு வந்தார். பணத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். பிறகு சொன்னார்: "சாமி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. எம்புள்ள சண்டையில சாகல. மலைமேல இருக்கிறவங்களுக்குத் தண்ணி கொண்டுபோன வண்டி உருண்டு செத்தான். கூட இருந்த பசங்க வந்து எல்லாத்தையும் சொல்லிட்டுப் போனாங்க. நீங்க எல்லாரும் மாருல குண்டு வாங்கினான்னு சொல்றப்ப, வேற யாரு புள்ளைக்கோ பூசை வைக்கிற மாதிரி இருக்குது. எம்புள்ளைக்குப் பூசை வைங்க சாமி."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்து அந்தத் தாயிடமிருந்து அவருடைய பிள்ளையைப் பறித்து, வேறொரு பிள்ளையை நாங்கள் கொடுத்திருந்தோம். தாகத்தோடு இருப்பவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவன் அவன். ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தவருக்கும் கைம்மாறு உண்டு என்று நம் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அதைவிடப் பெரிய கதை அந்தப் பையனுக்கு எதற்கு? அந்த வாரம் திருப்பலியில் அவன் பெயரைச் சொல்லி, மலைமேல் இருந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் வழியில் இறந்த மகன் என்று சொல்லி வேண்டினேன். அந்தத் தாய் முன்வரிசையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

வ்ரீன்-மியூசின் கல்லறையைப் பற்றிப் பின்னாளில் வாசித்தபோது எனக்கு அந்தத் தாயின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அன்புக்குரியவர்களே, இறந்தோருக்காக வேண்டுவதைப் பற்றி நம் திருஅவை பேசும்போதெல்லாம் எடுத்துக்காட்டும் ஒரு விவிலியப் பகுதி உண்டு. மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம். அதுவும் போரில் இறந்த சாதாரண வீரர்களைப் பற்றியதுதான். போர் முடிந்தபின் யூதா மக்கபேயும் அவருடைய ஆட்களும் இறந்த தோழர்களின் உடல்களை எடுத்து அடக்கம் செய்யப் போகிறார்கள். உடைகளை விலக்கிப் பார்த்தால், இறந்தவர்களின் ஆடைக்குள் யாம்னியா நகர்ச் சிலைகளின் தாயத்துகள் இருக்கின்றன. யூதருக்குத் திருச்சட்டம் தடைசெய்தவை அவை. ஆண்டவருக்காகப் போரிட்டு மடிந்தவர்கள் என்று போற்ற இருந்த நேரத்தில் இந்த வெட்கக்கேடு!

யூதா என்ன செய்தார்? தாயத்துகளை யாரும் அறியாமல் குழிக்குள் போட்டு மூடிவிடவில்லை. இவர்கள் பாவிகள், கிடக்கட்டும் என்று உடல்களை விட்டுவிட்டும் போகவில்லை. எல்லோர் முன்னிலையிலும் உண்மையை ஏற்றுக்கொண்டார். அவர்களுடைய பாவம் துடைக்கப்பட வேண்டும் என்று எல்லோரும் மன்றாடினார்கள். பிறகு ஆளாளுக்குப் பணம் திரட்டி, ஏறத்தாழ 2,000 வெள்ளித் திராக்மாவைப் பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார்கள். உயிர்த்தெழுதலில் நம்பிக்கை இருந்ததால்தான் அவர் இதைச் செய்தார் என்று அந்த நூல் விளக்குகிறது.

இதுதான் இன்று நாம் மனத்தில் வைக்க வேண்டியது. இறந்தவரைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டிய கட்டாயம் உயிர்ப்பில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குத்தான் உண்டு. அவர்களுக்கு நினைவு ஒன்றே மிச்சம். ஆகவே நினைவை எப்படியாவது அழகாக்கியாக வேண்டும். நமக்கு அப்படியில்லை. நம் இறந்தோர் உயிருள்ள கடவுளின் கையில் இருக்கிறார்கள். அவரிடம் நாம் மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. உத்தரிக்கும் நிலையில் இருக்கும் ஆன்மாக்களுக்கு நம்முடைய புகழுரை உதவாது, நம் செபம் உதவும். உயிர்த்த ஆண்டவரே தம் சீடர்கள் முன் வந்து நின்றபோது கைகளிலும் விலாவிலும் இருந்த காயங்களை மறைக்கவில்லை. இவைதான் என் காயங்கள் என்று காட்டினார். அந்தக் காயங்களைப் பார்த்துத்தான் தோமா நம்பினார்.

இன்று நாம் கொண்டாடும் புனித மார்ட்டினும் ஒரு படைவீரர் என்பது உங்களுக்குத் தெரியும். உரோமைப் படையில் இருந்தவர். ஆமியேன் நகர வாயிலில், கடுங்குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையை வாளால் இரண்டாக்கிப் பாதியைக் கொடுத்தவர். பின்பு, கிறிஸ்துவின் வீரனாகிய நான் இனிப் போரிட முடியாது என்று படையை விட்டு விலக முன்வந்தார். நீ கோழை என்று ஏளனம் செய்தார்கள். அப்படியானால் நாளைக்கு ஆயுதம் இல்லாமலே படையின் முன்னால் நிற்கிறேன் என்றார். மறுநாள் எதிரிகளே சமாதானம் கேட்டு வந்துவிட்டார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதிய சுல்பீசியு செவேருஸ் கூறுகிறார். அவரை அடக்கம் செய்த நாள் நவம்பர் 11. முதல் உலகப் போர் ஓய்ந்ததும் அதே நவம்பர் 11. ஆயுதமின்றி நின்ற அந்தப் படைவீரரின் திருநாளில்தான் அகுஸ்தீன் உணவுச் செய்தியோடு விழுந்தார்.

அந்தப் போரின்போது திருஅவை சும்மா இருக்கவில்லை. திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் 1917 ஆகஸ்ட் முதல் தேதி, போரிட்ட நாடுகளின் தலைவர்களுக்குச் சமாதான வேண்டுகோள் அனுப்பினார். அந்தப் போரைப் பயனற்ற படுகொலை என்று துணிந்து சொன்னார். இரு தரப்பாரும் அவர்மேல் கோபப்பட்டார்கள், அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அதற்கு முன்பே, 1915இல், இன்னொன்றையும் செய்தார். கல்லறைத் திருநாளன்று ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலிகள் நிறைவேற்றலாம் என்று உலகம் முழுவதற்கும் அனுமதி தந்தார். அதில் ஒன்று இறந்த நம்பிக்கையாளர் அனைவருக்காக என்று வரையறுத்தார். கடந்த 2ஆம் தேதி உங்கள் பங்கில் மூன்று பூசை நடந்ததே, அது அந்தப் போர்க்காலம் நமக்கு விட்டுச்சென்ற கொடை. பெயர் தெரியாத, கல்லறை இல்லாத, செபிக்க ஆள் இல்லாத இலட்சக்கணக்கான பிள்ளைகளை எண்ணித் தந்த கொடை. அந்தத் திருப்பலியில் பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் என்ற பிரிவு இல்லை. அகுஸ்தீனைச் சுட்டவருக்கும் அதில் இடம் உண்டு.

இது எங்கோ தூரதேசத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், அந்தப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட நம் மண்ணின் மக்களுக்கு ஒரு நினைவிடம் நிற்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் பழைய கல்வெட்டு ஒன்றைக் காணலாம். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று அதில் இருக்கும். எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. அரசாங்கத்துக்கு எண்ணிக்கை போதும். கடவுளுக்குப் போதாது. நம்மைப் பெயர் சொல்லி அழைத்தவர் அவர். தம் உள்ளங்கைகளில் நம்மைப் பொறித்து வைத்திருப்பதாக எசாயா இறைவாக்கினர் வழியாகச் சொன்னவர் அவர். அந்தக் கையில் எந்தத் தேதியும் மாற்றி எழுதப்படுவதில்லை.

ஆகவே இந்த நவம்பர் முடிவதற்குள் மூன்று காரியங்கள் செய்யுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டில் இறந்தோரின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். தாத்தா, பாட்டி, பெரியப்பா, சின்ன வயதில் போய்விட்ட பிள்ளை, ஒருவரையும் விடாமல் எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, உங்கள் குடும்பத்தில் யாருடைய இறப்பாவது வெளியே சொல்ல முடியாததாக இருக்கலாம். குடியால் போனவர், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர், சண்டையில் போனவர். ஊருக்கெல்லாம் அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆண்டவரின் முன்னால் அதை மாற்றிச் சொல்லாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். பங்குத்தந்தையிடம் மனம்விட்டுப் பேசுங்கள். எந்தப் பெயரையும் திருஅவை தன் செபத்திலிருந்து தள்ளி வைப்பதில்லை.

மூன்றாவது, போரில் இறந்த முகம் தெரியாத ஒருவருக்காக, எந்த நாட்டவராக இருந்தாலும் சரி, எந்தப் பக்கம் நின்றவராக இருந்தாலும் சரி, ஒரு செபமாலை சொல்லுங்கள்.

புனித அகுஸ்தீனாரின் தாய் மோனிகா சாகக் கிடந்தபோது, தன் உடலை எங்கே புதைத்தாலும் கவலையில்லை, ஆண்டவரின் பீடத்தில் தன்னை நினைவுகூர்ந்தால் போதும் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். சொந்த ஊர் மண்ணில் அடக்கமாக வேண்டும் என்ற ஆசையைக்கூட அவர் விட்டுவிட்டார். அதே அகுஸ்தீனார் பெயரைத் தாங்கிய ஆடு மேய்ப்பவரும் தம் மலைநாட்டிலிருந்து வெகுதூரத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். அவருடைய கல் பொய் சொன்னாலும், பீடத்தில் அவருக்கு இடம் இருக்கிறது.

அன்று வ்ரீன்-மியூசில் பதினொரு மணிக்கு எக்காளம் ஊதினார்கள். துப்பாக்கிகள் ஓய்ந்தன. பதினொன்றரை மணிச் சாப்பாட்டுக்கு அகுஸ்தீன் போகவில்லை. ஆனால் உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, இரவெல்லாம் களைத்துப்போன தம் சீடர்களை உண்ண வாருங்கள் என்று அழைத்தார். அதே அழைப்பை ஒவ்வொரு திருப்பலியிலும் நமக்கு விடுக்கிறார். மற்றவர்களைச் சாப்பிட அழைக்கப் போய், தான் பசியோடு விழுந்த அந்த எளிய மனிதரையும், தண்ணீர் கொண்டுபோன அந்த மகனையும், போர்க்களங்களில் மடிந்த எல்லாப் பிள்ளைகளையும் தமது விண்ணக விருந்தில் அவர் அமர்த்துவாராக. இன்றும் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு, வியாகுல அன்னையின் பரிந்துரையால் அவர் துணையிருப்பாராக. ஆமென்.